எங்கள் ரத்தத்தில் இல்லாதது

நான் கட்டிக்கொண்டது என் அம்மாவின் தம்பியை. கொட்டாம்பட்டிப் பக்கம் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தாய்மாமன் இருக்கும்போது பெண்ணை வெளியே கொடுத்தால்தான் ஊர் கேள்வி கேட்கும். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மகன் பிறந்த ஆறாம் மாதம் காய்ச்சலில் வலிப்பு வந்தது. பிறகு காய்ச்சல் இல்லாமலும் வந்தது. பேச்சு வரவேயில்லை. பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் காபி குடித்தார்கள்: "ஒண்ணுக்குள்ள ஒண்ணு கட்டுனா இப்படித்தான்." எங்கள் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களும் அவர்கள்தான்.

நான் பசுமலையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். நெருங்கிய உறவில் மணந்தால் மறைந்து கிடக்கும் குறை பிள்ளையிடம் வெளிப்படலாம் என்று நானே வகுப்பில் சொல்பவள். அதனால் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. அம்மா எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டாள். "நாந்தான தம்பிக்குக் குடுத்தேன்" என்று போனில் அழுவாள். அவரோ ஒருநாள் என்னிடம் சொல்லாமலே ஆஸ்பத்திரிக்குப் போய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டு வந்தார்.

"இன்னொரு பிள்ளையையும் இப்படிப் பாக்கணுமா? என்னால முடியாதுத்தா" என்றார்.

எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் என்றிருந்தது. அந்தக் கோபத்தோடுதான் பல வருடம் அவருக்குச் சோறு போட்டேன்.

போன வருடம் மகனுக்குப் பதினாறு வயது. மாத்திரை எதற்கும் வலிப்பு அடங்காமல்போனபோது, புதிதாக வந்த டாக்டரம்மா எங்கள் மூவரின் ரத்தத்தையும் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு சொல்லும் நாளில் மகன் அறைக்குள் உட்கார மறுத்தான். அவனைக் கூட்டிக்கொண்டு அவன் அப்பா வெளியே நடந்தார். நான் மட்டும் உள்ளே இருந்தேன்.

"ஒரு மரபணுவுல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. அது உங்ககிட்டயும் இல்லை, அவர்கிட்டயும் இல்லை. பையன்கிட்ட புதுசா வந்திருக்கு. சொந்தத்த விட்டு அசல்ல கட்டியிருந்தாலும் வந்திருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "அடுத்த குழந்தைக்கு வர்ற வாய்ப்பு ரொம்பக் கம்மி" என்று தொடங்கியவர், என் தலை நரையைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

இதுவும் என் பாடம்தான். பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தாய் தகப்பனிடம் இல்லாத சில மாற்றங்களோடுதான் பிறக்கிறது. பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை. சில கெடுக்கும். எப்போதோ ஒன்று உதவி, எத்தனையோ தலைமுறை தாண்டி நிலைக்கும். பரிணாமம் அவ்வளவு மெதுவானது என்று கரும்பலகையில் நீளமாகக் கோடு இழுத்துக் காட்டுவேன். அந்த மெதுவான வேலையில் அடிபடும் பிள்ளையை யாரோ ஒருத்தி தினமும் தூக்கிக் குளிப்பாட்டுகிறாள் என்று எந்தப் பாடநூலிலும் இல்லை.

மகனுக்குத் தண்ணீரைப் பார்க்கப் பிடிக்கும் என்பதால் வண்டியூர் தெப்பக்குளத்துக்கு ஆட்டோவை விடச் சொன்னோம். படியில் உட்கார்ந்து அவரிடம் சொன்னேன்.

"நம்ம ரத்தத்துல வந்தது இல்லையாம் மாமா. யாரு பிள்ளைக்கு வேணாலும் வருமாம்."

திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு போனை எடுத்து என் அம்மாவை அழைத்தார். "அக்கா, நம்மளால இல்லையாம்க்கா. நீ குடுத்ததும் தப்பில்லை, நான் கட்டுனதும் தப்பில்லை." அம்மா அழுவது எனக்கே கேட்டது. "ஞாயித்துக்கிழமை வாரேன்டா, பிள்ளையப் பாக்கணும்" என்றாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன்.

போனை மடியில் வைத்துக்கொண்டு மகன் பிஸ்கட் தின்பதைப் பார்த்தபடி இருந்தார். முகம் மெல்ல மாறியது.

"அப்ப, ரெண்டாவது ஒண்ணு பெத்திருந்தா நல்லாப் பெறந்திருக்குமா?"

விடை எனக்குத் தெரியும். இத்தனை வருடக் கோபமும் அதைச் சொல்லிவிடத்தான் துடித்தது.

"அது யாருக்குத் தெரியும் மாமா. டாக்டரும் ஒண்ணும் சொல்லலை" என்றேன்.

"சரித்தா" என்றார். துண்டை எடுத்து மகனின் வாயைத் துடைத்துவிட்டார். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.