பங்குனி மழையும் எங்கள் புளியும்

எங்கள் ஊரில் மழையைத் திட்டக் கூடாது. யார் வீட்டுக் கூரை ஒழுகினாலும், யார் வீட்டுச் சுவர் ஊறிச் சரிந்தாலும், "வந்தவரைக்கும் சரி" என்றுதான் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லில் குடித்தனம் நடத்தியவர்களுக்கு இதன் காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. குழாயில் தண்ணீர் விடும் நாளுக்காகத் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பங்குனி மாதம் முழுக்க நான் மழையை வாய்விட்டுத் திட்டினேன். இன்றுவரை அதற்காக வருந்தவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அதற்கு முந்தைய தவக்காலத்தில் எங்கள் தெரு முழுவதும் செருப்பில்லாமல் ஊரைச் சுற்றி, மாதா சிலை இருக்கும் கெபிக்கு நடந்துபோய் மழை கேட்டது. நானும் மெழுகுவர்த்தியுடன் நடந்தேன். கேட்டவர்களில் ஒருவர்கூட எந்த மாதத்தில் வேண்டும் என்று சொல்லவில்லை.

என் கணவர் புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுப்பவர். காய் பிடித்திருப்பதைப் பார்த்து மரத்தைப் பேசி முடிப்பார். மாசியிலும் பங்குனியிலும் ஆள் விட்டுக் கிளைகளை உலுக்கி, பழத்தை வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவார். அதை வெயிலில் காயப் போட வேண்டும். காய்ந்தால்தான் ஓடு நொறுங்கும், ஓடு நொறுங்கினால்தான் கொட்டையும் நாரும் பிரியும். இந்தத் தொழிலுக்குப் பங்குனி வெயிலைத் தவிர வேறு முதல் கிடையாது. அந்த வருடம் எரியோடு ஊர்ப் பக்கம் காய்ப்பு நன்றாக இருந்ததால், வழக்கமாக எடுப்பதைவிட அதிக மரங்களை எடுத்திருந்தார். எங்கள் ஒரு வருடத்துச் சாப்பாடும் பிள்ளைகளின் படிப்பும் அந்தக் கிளைகளில் தொங்கின.

காயப் போட எங்களுக்கு இடம் கிடையாது. கெபிக்குப் பக்கத்தில் தெருவுக்குப் பொதுவான சிமெண்ட் களம் ஒன்று உண்டு. அதை நாங்கள் பயன்படுத்திக்கொள்வோம். அதற்குப் பதிலாக, தெருவார் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அசனத்துக்கு ஆகும் புளி முழுவதும் எங்கள் வீட்டிலிருந்து போகும். இது என் மாமனார் காலத்து ஏற்பாடு.

முதல் மழை சாயங்காலத்தில் வந்தது. கோடை மழை, ஒரு நாளில் போய்விடும் என்று தார்ப்பாயை இழுத்து மூடினோம். மறுநாளும் வந்தது. பிறகு மத்தியானமே வர ஆரம்பித்தது. அதன் பின் வானம் வெளுக்கவே இல்லை. மூடினால் உள்ளே புழுங்கியது, திறந்தால் நனைந்தது. நானும் அவரும் களத்தின் இரு முனைகளிலும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு, போர்த்துவதா எடுப்பதா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு நின்றோம். அந்த ஒரு கேள்வியில் எங்களுக்குள் நடந்த சண்டைகளை இங்கே எழுத விரும்பவில்லை.

எதிர்வீட்டு மதினி அப்போதெல்லாம் தன் வாசலில் நின்று கையை நீட்டி மழைத் தண்ணீரைப் பிடிப்பார். சொந்தம் இல்லை, தெருவில் அப்படிக் கூப்பிடுவது வழக்கம். அவர் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் வருடக்கணக்காகக் காற்று மட்டுமே வந்துகொண்டிருந்தது. இப்போது தண்ணீர் ஏறிவிட்டது.

"என்ன மதினி, மழையப் பாத்து மூஞ்சியத் தூக்கிட்டு நிக்கிற ஒரே வீடு உங்க வீடுதான்."

"ஒங்களுக்கு என்ன மதினி, மோட்டார் ஓடுது. எங்களுக்குப் பொழப்பு ஓடுதுல்ல, தண்ணியோட."

"மழைய வையாதீங்க. ஆண்டவருக்கு அடுக்காது."

"அவருக்கு அடுக்குறது எனக்கு அடுக்கலையே."

அன்று மாலைக்குள் இந்தப் பேச்சு தெரு முழுவதும் தெரிந்துவிட்டது. மறுநாள் குழாயடியில் நான் போனதும் இரண்டு பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். வறட்சியில்கூட எனக்கு வரிசையில் இடம் விட்டவர்கள் அவர்கள்.

புளியை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். கூடம், படுக்கை அறை, கட்டிலுக்கு அடி, பீரோவுக்குப் பின்னால் என்று எங்கும் பரப்பினோம். பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கும் இடம் ஒரு பாய் அளவுக்குச் சுருங்கியது. சீருடை காயாமல் ஈரத்தோடு இஸ்திரி போட்டு அனுப்பினேன். உப்பு ஜாடியில் உப்பு நீராகிக் கிடந்தது, தீக்குச்சி உரசினால் மருந்து பிய்ந்து வந்தது. பூட்டுக்குப் பேர் போன ஊரில் எங்கள் வீட்டுப் பூட்டே துருவேறிச் சாவிக்கு மசியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் புளித்த நாற்றம். துணியில், சோற்றில், தலைமுடியில் இருந்தது. ஓடு தட்ட வரும் பெண்கள் ஒரு நாள் தட்டிப் பார்த்துவிட்டு, "இது நொறுங்காதுக்கா, பிசையத்தான் செய்யும்" என்று எழுந்து போனார்கள். சில இடங்களில் வெள்ளையாகப் பூஞ்சை கிளம்பியது. அதைப் பொறுக்கி எறிந்தேன். மீதியைக் காய வைக்க விறகு மூட்டிப் புகையில் வாட்டினோம். காய்ந்தது கொஞ்சம்தான், புகைவாடை முழுவதும் ஏறிவிட்டது. பழம் கறுத்தது. சந்தையில் வியாபாரி ஒருவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "சாம்பாருக்கு ஆகாது. பித்தள வெளக்க வேணா எடுத்துக்கிறேன்" என்றார்.

உலுக்காத மரங்கள் இன்னும் பாதி இருந்தன. கிளையில் தொங்கும் பழம் ஓட்டுக்குள் ஓரளவு தப்பித்திருக்கும். வெயில் வந்து, களமும் கிடைத்தால் அந்தப் பாதியையாவது காப்பாற்றலாம். நாங்கள் நம்பியிருந்தது அவ்வளவுதான்.

ஈஸ்டர் பாஸ்கா முடிந்த மறுநாள் தெருத் தலைவர் வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட எதிர்வீட்டு மதினியும் வந்தார். உட்கார இடமில்லாமல் இருவரும் புளிக்கு நடுவில் நின்றார்கள்.

"மாப்ள, மழைக்கு நன்றி சொல்லி வர்ற ஞாயித்துக்கெழம அசனம் போடுறதா முடிவாயிருக்கு. வழக்கம்போலப் புளி ஒங்க வீட்ல இருந்து."

என் கணவர் உடனே தலையாட்டினார். நான் குறுக்கிட்டேன்.

"அண்ணே, நீங்க நிக்கிற எடத்தச் செத்த நேரம் குனிஞ்சு பாருங்க. எதுக்கு நன்றின்னு சொன்னீங்க?"

"தங்கச்சி, ஊருக்கு நல்லது நடந்திருக்கு."

"எங்க வீடு ஊருக்குள்ள இல்லையா?"

எதிர்வீட்டு மதினி சிரித்தார். "இம்புட்டுப் புளிய வச்சுக்கிட்டு ஒரு பான தர மனசு வரல பாருங்க."

தலைவர் சிரிக்கவில்லை. வெளியே களத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "களம் தெருவுக்குப் பொது. குடுத்து வாங்குனாத்தான் எதுவும் நெலைக்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

அவர்கள் போன பிறகு என் கணவர் அடுக்களைப் பரணிலிருந்து பானையை இறக்கினார். முந்தைய வருடத்துப் புளி, உப்புப் போட்டு அடைத்தது, எங்கள் வீட்டுக்கென்று வைத்திருந்தது. அந்த வீட்டில் மழை படாமல் மிச்சமிருந்த ஒரே பொருள் அதுதான்.

"இதக் குடுத்திருவோம். களம் வேணும்ல."

"கூடாது. அவங்க கேட்டது மழைக்கு நன்றி. மழை குடுத்த புளியே போகட்டும்."

"அசிங்கமாப் போயிரும்."

"யாருக்கு?"

அவர் பானையை மறுபடி மேலே ஏற்றினார். நான் புகையில் வாட்டிய புளியில் பூஞ்சை இல்லாததாகப் பார்த்து எடுத்து, கொட்டை நீக்கி, கழுவி, துணியில் கட்டி அனுப்பினேன். கெட்டுப்போனதை அனுப்பவில்லை. நாங்கள் தினமும் தின்றுகொண்டிருந்ததைத்தான் அனுப்பினேன்.

எங்கள் தெருவில் திட்டக் கூடாதது இன்னொன்றும் உண்டு. அசனச் சோற்றைக் குறை சொல்லக் கூடாது. பங்குச் சாமியார் மந்திரித்து இறக்கிய சோறு அது. உப்புக் குறைந்தாலும் குழைந்தாலும் பேசாமல் தின்றுவிட்டு, இலையைச் சுத்தமாக மடிக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை கெபிக்கு முன்னால் பந்தலில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். சாம்பார் தார் நிறத்தில் இருந்தது. சமையல்காரர் வெல்லம் போட்டுப் பார்த்திருந்தார், புகைவாடை அடங்கவில்லை. ரசம் அதைவிட மோசம். முதல் கவளத்தில் தலைவரின் தாடை நின்றது. பிறகு அசைந்தது. வரிசை முழுவதும் தலைகள் இலையைப் பார்த்துக் குனிந்திருந்தன. எதிர்வீட்டு மதினி என்னைப் பார்த்தார். நான் வாளியோடு அவர் இலைக்கு முன்னால் போய் நின்றேன்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தவா மதினி?"

அவர் சோற்றை நகர்த்திக் குழி செய்தார். ஊற்றினேன். மடித்த இலைகள் அன்று எப்போதும்போலச் சுத்தமாகவே இருந்தன. அவ்வளவு நிம்மதியாக நான் அந்த மாதத்தில் வேறு எங்கும் நின்றதில்லை.

அடுத்த வாரம் வெயில் வந்தது. சுள்ளென்ற, சரியான வெயில். கணவர் மீதி மரங்களை உலுக்கி வண்டியோடு வந்தபோது களத்தில் இடமில்லை. எதிர்வீட்டு மதினி மிளகாயைப் பரப்பியிருந்தார். ஒரு சாக்கு மிளகாயை ஒன்றுக்கொன்று தொடாமல், களத்தின் நான்கு மூலை வரைக்கும் இறைத்திருந்தார்.

"களம் பொதுதான மதினி," என்றார் வாசலில் இருந்தே.

கணவர் தலைவர் வீட்டுக்குப் போனார். தலைவர் தூங்குவதாகச் சொன்னார்கள். வண்டிக்காரர் இறக்கச் சொல்லி அவசரப்படுத்தினார்.

"இங்கயே எறக்குங்க," என்றேன்.

எங்கள் தெரு அப்போது புதிதாகத் தார் போட்டது. மழை கழுவியதில் கறுப்பாக, வெயிலில் தோசைக்கல் போலக் கிடந்தது. எங்கள் வாசலில் ஆரம்பித்து, நானே பலகையால் தள்ளித் தள்ளிப் புளியைப் பரப்பினேன். தெருவின் மறுபக்கம் வரை போனேன். எதிர்வீட்டுப் படிக்கட்டின் கீழ்ப்படியைத் தொட்டதும் நிறுத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் மதினி பையோடு வெளியே வந்தார். படியில் நின்று இரு பக்கமும் பார்த்தார்.

"நா எப்பிடி வெளிய போறது?"

"தெரு பொதுதான மதினி. மிதிச்சுட்டுப் போங்க. ஓடு ஒடஞ்சா எங்களுக்குத் தட்டுக்கூலி மிச்சம்."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். கடைக்குப் போயே ஆக வேண்டும் போலிருக்கிறது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவர் கால் வைத்த இடத்தில் ஓடு மொறுமொறுவென்று உடைந்தது. நன்றாகக் காயத் தொடங்கிவிட்டது என்று அந்தச் சத்தத்தில் தெரிந்துகொண்டேன்.