பாட்டிமையில் மலை ஏறிய கார்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் மணிமொழி அக்காவின் கடை இருக்கிறது. சாமை, மிளகு, தேன் எல்லாம் கல்வராயன் மலைச் சரக்கு. ரிஷிவந்தியம் பக்கத்தில் பிறந்து, கரும்பு போடும் ராமசாமி வீட்டுக்கு மருமகளாக வந்தவர். முதலில் வீட்டு வாசலில் இரண்டு மூட்டை சாமை வைத்து விற்றார். இன்று புதுச்சேரி வரைக்கும் சரக்கு அனுப்புகிறார். கடை அவர் பெயரில்தான் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சுவரில் மாட்டிய பி.காம். சான்றிதழை நம்பித் தன் கணக்கை என்னிடம் கொடுத்த முதல் வியாபாரி மணிமொழி அக்கா. அதனால் அவர் கதையை எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கடைக்கு நல்ல லாபம் வந்தது. அக்கா ஒரு மின்சாரக் கார் வாங்க முடிவு செய்தார். தொழிலுக்கு வாங்கும் காரின் விலையில் ஒரு பகுதியைத் தேய்மானம் என்று ஆண்டுதோறும் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். சாதாரண பெட்ரோல் கார் என்றால் நூற்றுக்குப் பதினைந்து, மின்சாரக் கார் என்றால் நாற்பது. முழுக் கணக்கு எழுதி வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் இது. அக்கா எழுதினார்.

மாமனார் ராமசாமிக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. "டீசலு ஊத்தாத வண்டி ஒரு வண்டியா? காரு வாங்கனா வரி கம்மியாவுதாம். சர்க்காரு இன்னா ஒனக்குத் தாய்மாமனா?" என்றார். பேச்சு வளர்ந்து பந்தயத்தில் முடிந்தது. அக்கா சொன்ன நாற்பது அந்த ஆண்டுக் கணக்கில் வந்தால் கடையில் இனி அவர் வைத்ததுதான் சட்டம். வராவிட்டால் கடைச் சாவி ராமசாமியின் மகன், அக்காவின் கணவர் இளஞ்செழியன் கைக்குப் போய்விடும். அதுவரை சாவி ராமசாமியிடம் இருக்கும். இளஞ்செழியன் அண்ணன் இரண்டு பக்கமும் பேசாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

செப்டம்பரில் கார் வந்தது. கேரியர் லாரியில் கொண்டுவந்து கொட்டகையில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

அக்டோபர் மூன்றாம் தேதி காலையில் வேறு வேலையாகக் கடைப் பக்கம் போனேன்.

"காரு எப்படிக்கா ஓடுது?"

"எங்க ஓடுது? வந்த மறாநாளே மாளய பட்சம் பொறந்துடுச்சு. பதினஞ்சு நாளும் புது வண்டி எடுக்கக் கூடாதுன்னுட்டாரு மாமா. நேத்துதான் அமாவாச முடிஞ்சுது. இன்னிக்குப் பாட்டிமை, அதுவும் ஆவாதுன்றாரு. ஆயுத பூஜைக்கு எடுத்துக்கலாம்னு இருக்கேன்."

நான் விரல்விட்டு நாளை எண்ணினேன். மார்ச் முடிவதற்குள் அந்தக் கார் நூற்றெண்பது நாளாவது தொழிலில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் அந்த ஆண்டுக்குப் பாதித் தேய்மானம்தான். பில் செப்டம்பரில் போட்டதால் போதும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். சட்டம் பார்ப்பது வாங்கிய தேதியை இல்லை, ஓட்டிய தேதியை. பின்னோக்கி எண்ணினால் கடைசி நாள் அன்றைக்குத்தான். அதை அக்காவிடம் சொன்னேன்.

"மிச்சம் எங்கயும் போயிடாதுக்கா. அடுத்தடுத்த வருஷத்துல கழிச்சுக்கலாம்."

"பந்தயம் இந்த வருஷத்துக்குத்தானப்பா."

அதற்குள் இளஞ்செழியன் அண்ணன் வந்தார். "இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ யோசன? செப்டம்பர் தேதி போட்டு மலைக்குப் போனதா ஒரு சீட்டு எழுதிட்டாப் போச்சு."

அக்கா கைப்பேசியைத் திறந்து காட்டினார். கார் எங்கே நின்றது, எவ்வளவு ஓடியது எல்லாம் அதில் வந்துவிடுகிறது. பதினைந்து நாளாகக் கொட்டகை, கொட்டகை, கொட்டகை. "சீட்டு நீ எழுதுவ. வண்டி ஒண்ணு எழுதி வச்சிருக்குதே. அதுவும் இல்லாம, பொய் சொல்லித்தான் ஜெயிக்கணும்னா எனக்கு எதுக்கு அந்தச் சாவி?" என்று எழுந்தார்.

கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு ராமசாமி உட்கார்ந்திருந்தார். விஷயம் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

"பாட்டிமைல புது வண்டி எடுத்து எவனும் நல்லா இருந்தது இல்ல."

"கடை இன்னிக்குத் தொறந்துதான் இருக்குது மாமா. தராசு ஓடுது. வண்டியும் அது மாதிரி ஒரு சாமான்தான்."

"தராசு பழசு. இது புதுசு."

"பூஜைய நீங்க ஆயுத பூஜைக்கே போடுங்க. இன்னிக்கு மிளகு எடுக்க மலை மேல கரியாலூரு போயே ஆவணும். நவுருங்க."

அவர் நகரவில்லை. அக்கா உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினார். சத்தமே இல்லாமல் விளக்கு மட்டும் எரிந்தது. மின்சாரம் நாற்பத்து நாலு சதவீதம். வீட்டில் சார்ஜர் பொருத்த வேண்டிய எலக்ட்ரீஷியனும் நல்ல நாளுக்காகக் காத்திருந்தார்.

"எறங்குமா. பாதி கூட இல்ல. மலைல நின்னுட்டா யாரு தள்றது?"

"நின்னா நிக்கட்டும் மாமா. நின்னா நான் தோத்தேன்."

ராமசாமி எழுந்தார். நாற்காலியை ஓரமாகப் போட்டார். முன் கதவைத் திறந்து அவரே ஏறி உட்கார்ந்தார். "பொம்பளைய இந்த நாள்ல தனியா அனுப்பிட்டு வூட்ல ஒக்காந்துகினு இருக்க என்னால ஆவாது. ஓட்டு."

கச்சிராயபாளையம் தாண்டும்வரை ஒன்றும் இல்லை என்று அக்கா பிறகு சொன்னார். மலைச்சாலை ஏற ஆரம்பித்ததும் எண் இறங்கியது. முப்பது. இருபத்தாறு. தூறலும் பிடித்துக்கொண்டது. மிச்சம் பிடிக்க அக்கா ஏசியை அணைத்தார். கண்ணாடி வெளுத்துப் போனது. ராமசாமி தோள் துண்டை எடுத்து உள்பக்கம் துடைத்தார். துடைத்த இடம் மறுபடி வெளுத்தது.

"இருவதுன்னு போட்டிருக்கான். இதுக்குத்தான் சொன்னேன்."

"தொடைங்க மாமா. வளைவு தெரியல."

அடுத்த கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து ஜீப் ஒன்று நடுச்சாலையில் வந்தது. அக்கா பாறைப் பக்கம் ஒடித்து நிறுத்தினார். ஜீப் உரசாமல் போனது. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்பியபோது பதினேழு. ராமசாமி கை மேலே இருந்த பிடியை விடவே இல்லை.

கரியாலூரில் மிளகு வைத்திருந்தவர் அருள்மொழி. அக்காவிடம் பல வருஷமாகச் சரக்குப் போடுகிறவர்.

"இன்னா மணி, சத்தமே இல்லாம வந்து நிக்கற? பெருசும் கூட வந்துகீது. சம்பந்தம் பேசவா?"

"இவ என்னக் கொல்லப் பாக்கறா. அது ஒண்ணுதான் பாக்கி," என்றார் ராமசாமி.

மிளகை எடைபோட்டு, அன்றைய தேதியில் பில் எழுதி, இரண்டு மூட்டையை டிக்கியில் ஏற்றினார்கள். எண் பதினொன்று. அருள்மொழி தேநீர் கொடுத்தார். ராமசாமி குடிக்கவில்லை. மலை முழுக்கச் சார்ஜர் கிடையாது. இருட்டுவதற்குள் இறங்க வேண்டும்.

இறக்கத்தில் அக்கா மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார். கார் தானாகவே பிடித்துப் பிடித்து இறங்கியது. இரண்டு மூன்று வளைவுக்குப் பிறகு ராமசாமி திரையை உற்றுப் பார்த்தார்.

"பதினொண்ணு இருந்துச்சு. இப்ப பன்னெண்டுன்றான்."

"எறக்கத்துல சக்கரம் சுத்தறதுல கரண்ட் திரும்ப ஏறும் மாமா."

"எவன் ஊத்தறான் உள்ள?"

"யாரும் ஊத்தல."

அடிவாரத்தில் பதினாறு. அதன் பிறகு எண் குறையும்போதெல்லாம் ராமசாமி தொண்டையைச் செருமினார். கடை வாசலில் அக்கா நிறுத்தியபோது ஆறு. பகல் முழுக்க வாசலிலேயே நின்றிருந்த இளஞ்செழியன் அண்ணன் மூட்டையை இறக்கினார்.

ஆயுத பூஜைக்கு ராமசாமியே காரைக் கழுவிச் சந்தனம் வைத்தார். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார். ஏற்கெனவே மலை ஏறி இறங்கிய வண்டியை நான்கு அடி முன்னால் நகர்த்திப் பழத்தை நசுக்கிய பிறகுதான் அவருக்குத் திருப்தி.

ஆண்டு முடிந்து கணக்கை எடுத்துப்போனேன். நாற்பது வந்தது. ஆனால் வீட்டுக்கு ஓடிய ஓட்டத்தைத் தனியாக எடுத்து அந்த அளவுக்குத் தேய்மானத்தைக் குறைத்திருந்தேன். அக்கா அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்.

"இது இன்னாது?" என்றார் ராமசாமி.

"நீங்க ரிஷிவந்தியம் கோயிலுக்குப் போனது மாமா. அது சொந்த ஓட்டம். கடைல சேராது."

"சாமிகிட்ட நான் இன்னா எனக்கா கேட்டேன்? கடைக்குத்தான கேட்டேன்."

"அத அதிகாரிகிட்ட சொல்ல முடியாது."

ராமசாமி என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பு மடிப்பில் கைவிட்டுச் சாவியை எடுத்தார். பந்தயம் போட்ட நாளிலிருந்து தினமும் காலையில் அவர்தான் கடை திறந்துகொண்டிருந்தார். அதை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"அடுத்த அமாவாசைக்கும் கோயிலுக்குப் போவணும். ஒன் கணக்குல எதுல வேணா எழுதிக்க."