மாமா தோற்ற பந்தயம்

எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, திருநெல்வேலிப் பக்கத்தில் குதிக்காத கிணறு இல்லை என்பார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தலைகீழாகக் குதித்தால் மட்டும் போதாது, அடிமண்ணை ஒரு பிடி அள்ளிக்கொண்டு மேலே வந்து காட்ட வேண்டும். காட்டாதவன் குதித்ததாகவே சேர்த்தியில்லை. அப்பேர்ப்பட்டவர் சின்னக்கானல் மலையில் தேயிலைத் தோட்டத்து வேலைக்கு வந்து, குளிக்க வாளித் தண்ணீரை நம்பிக் கிடந்தார்.

தண்ணீர் இல்லாமல் இல்லை. கூலிக்காரர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கீழேயே பெரிய ஏரி. ஆனால் அது துரைமாருக்கு; கூலிக்காரர் காலை நனைத்தால் வேலை போய்விடும். அந்த ஏரியில்தான் அப்பா போனார். தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று மலையாளத்தார் தங்கள் கொல்லம் ஆண்டுக் கணக்கில் சொல்லும் பெருமழையில் மதகைத் திறக்கப் போனவரை, கரை சரிந்து மண்ணோடு மண்ணாக உள்ளே இழுத்துக்கொண்டது. தேடினார்கள், கிடைக்கவில்லை. உடல் இல்லாததால் காரியமும் நடக்கவில்லை. இரண்டு வருடமாக அம்மா பொட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தாள். அதைப் பார்த்து லயத்துப் பெண்கள் பேசியதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அப்பாவின் கம்பளி தகரப் பெட்டியில் மடித்தபடி இருந்தது. குளிரில் நான் எவ்வளவு கெஞ்சினாலும் தரமாட்டாள். “அப்பா வந்தா போத்திக்க வேணும்லா” என்பாள்.

அப்போதுதான் சீமையிலிருந்து சின்னதுரை வந்து சேர்ந்தார். அவருக்குத் தண்ணீரில் குதிப்பதென்றால் பைத்தியம். கடலுக்கு அப்பால் பல தேசத்தார் கூடி, உயரமான மேடையிலிருந்து குதித்துப் பந்தயம் நடத்துகிறார்களாம். ஸ்வீடன் தேசத்தார் பறவைபோலக் கையை விரித்துக் குதித்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்களாம். இப்போது பெண்பிள்ளைகளும் குதிக்கிறார்களாம். கணக்கப்பிள்ளை இதைச் சொன்னபோது லயத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குதிப்பதற்கு மார்க்கு வேறு. உடம்பு நேராக இருந்ததா, கால்கள் சேர்ந்திருந்தனவா, தண்ணீர் சிதறியதா என்று நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து மார்க்குப் போடுவார்கள். உள்ளே போனபிறகு என்ன செய்தாலும் கணக்கில் வராது.

அதேமாதிரி எங்கள் ஏரியிலும் நடத்த, சின்னதுரை பலகைமேடை கட்டினார். அந்த ஒரு நாள் மட்டும் கூலிக்காரரும் குதிக்கலாம். ஜெயிப்பவருக்குச் சிவப்புக் கம்பளி. அதை நான் அன்றைக்கே மனத்தில் போர்த்திக்கொண்டுவிட்டேன்.

மாமா பெயர் கொடுத்துவிட்டு வந்த சாயங்காலம், அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, “ஒரு பிடி போதும் தம்பி. மதகுப் பக்கமா எடு” என்றாள்.

“அங்கனதாங்க்கா குதிக்கப்போறேன்” என்றார் மாமா.

ஊர்க் கிணற்று வழக்கத்தைப் பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். மண்ணுக்கு மார்க்குக் கிடையாது என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லவும் சொன்னேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பந்தயத்தன்று கங்காணி மகன் முதலில் குதித்தான். விறைத்த கட்டையாட்டம் நேராக உள்ளே போனான். அடுத்து மாமா ஏறினார். சின்னதுரை ஏரியின் நடுவைக் கைகாட்டினார். மாமா தலையாட்டிவிட்டு, மதகுப் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, அந்தப் பக்கமே பாய்ந்தார். உடம்பு கோணிப்போயிற்று. தண்ணீர் நாற்காலிகள்வரை தெறித்தது. துரைமார் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். போச்சு, கம்பளி போச்சு என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாமா மேலே வரவில்லை. சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். சின்னதுரை பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். அம்மா மட்டும் மதகருகே தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். நெடுநேரம் கழித்து மாமாவின் தலை தெரிந்தது, அப்புறம் மூடிய கை.

“ஊர்க் கெணறுன்னு நெனச்சிட்டாம்லே” என்றார் கங்காணி. கரை முழுக்கச் சிரிப்பு. அம்மா முந்தானையை விரித்துப் பிடித்தாள். மாமா அந்தக் கறுப்பு மண்ணை அதில் போட்டுவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் தேம்பி அழுதார். தோற்றதும் அல்லாமல் அழுகை வேறா என்று எனக்கு ஆத்திரம். சிவப்புக் கம்பளியைக் கங்காணி மகன் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

விடிந்ததும் மாமாவும் அம்மாவும் என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மண்ணையும் கொஞ்சம் எள்ளையும் எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது அம்மாவின் நெற்றியில் பொட்டு இல்லை, கையில் வளையல் இல்லை.

“மாமா தோத்ததுக்கு நீ ஏம்மா பொட்ட அழிச்ச?” என்று கேட்டேன்.

அம்மா தகரப் பெட்டியைத் திறந்து, அப்பாவின் கம்பளியை எடுத்து உதறி என்மேல் போர்த்தினாள். சிவப்புக் கம்பளி கிடைக்காமல் போனதற்குச் சமாதானமாக அதைத் தருகிறாள் என்று நினைத்து, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.