அந்தப் பாட்டுக்கு ஒரு நாற்காலி

ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முப்பத்திரண்டு வருடமாக வாய்க்குள் ஏதாவது ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருப்பதால் வந்த பெயர். பாட்டு மாறும், பாட்டுக்காரர் மாறமாட்டார்.

அந்தப் பாட்டுக்காரர் ஒரு காலத்தில் அதே கூடத்தில் அழுக்கு மூட்டை தூக்கியவர். இருபத்திரண்டு வயதில் பதினான்கு மாதம் தூக்கினார். பிறகு தானே எழுதி, தானே மெட்டமைத்து, கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பாடப் போய்விட்டார். அவரை ஊரறிய வைத்த முதல் பாட்டு இந்தக் கூடத்தைப் பற்றியது.

*வெளுத்த துணிக்கு வெயில் உண்டு,*
*மடிச்ச துணிக்கு அலமாரி உண்டு,*
*மடிச்சு மடிச்சுக் கால் கடுத்தவளுக்கு*
*ஒரு பலகை உண்டா, ஐயா?*

அதன் தாளம் எங்கிருந்து வந்தது என்று பத்திரிகைகளில் பெரிய பெரிய ஆட்கள் என்னென்னவோ எழுதினார்கள். ரேடியோவைக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பாள். படுக்கை விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் பிடிக்க வேண்டும். உதறு, இழு, மடி, சேர். நான்கு எண்ணிக்கை. சேர்ந்த இடத்தில் ஒருத்தி தன் முனையை மற்றவளிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போவாள். ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு. அதுதான் தாளம். அதற்கு வேறு பிறப்பிடம் கிடையாது.

பாட்டு வந்த அடுத்த வருடம் கூடத்துக்கு ஒரு பலகை வந்தது. ஜன்னலை ஒட்டி, சுவரோரமாக, ஆறு பேர் உட்காரும் நீளம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் உட்காரலாம். ரசிகர் மன்றத்தில் எல்லாரும் சொல்வது, பலகையைப் பாட்டு வாங்கிக் கொடுத்தது என்று. பாட்டுக்கும் பலகைக்கும் நடுவில் பதினோரு நாள் வேலைநிறுத்தம் ஒன்று இருந்தது. நான்கு பெண்களுக்கு வேலை போயிற்று. அந்த நால்வரில் ஒருத்தி ரேடியோவின் அக்கா.

அக்காவுக்கு இப்போது எழுபத்தொன்று. வேலை போனவளை அதன் பிறகு எந்தக் கூடமும் சேர்த்துக்கொள்ளவில்லை. வீடு வீடாகத் துணி துவைத்தாள், தங்கையைப் படிக்கவைத்தாள், அந்தத் தங்கை கடைசியில் அதே கூடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தாள். பாட்டு காதில் விழுந்தால் அக்கா அணைக்கச் சொல்லமாட்டாள், கூடப் பாடவும் மாட்டாள்.

"நல்லாத்தான்டி எழுதியிருக்கான்" என்பாள். "ஆனா பதினோரு நாள் வெளிய நின்னது அவன் காலா, என் காலா?"

ரேடியோவுக்கு இரண்டு பேரையும் பிடிக்கும்.

மூன்று மாதத்துக்கு முன் அந்தப் பலகை போய்விட்டது. கூடத்தைப் புதிய நிர்வாகம் குத்தகைக்கு எடுத்தது. கழுத்தில் கடிகாரம் தொங்க ஒரு மேற்பார்வையாளன் வந்தான். ஒரு விரிப்புக்கு எத்தனை நொடி என்று அமுக்கி அமுக்கிக் குறித்துக்கொண்டான். பெண்கள் அவனுக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர் வைத்தார்கள். ஒரு சனிக்கிழமை பலகை இருந்தது, ஞாயிறு இல்லை. கேட்டால், "இடத்தை அடைக்குது." பலகை இருந்த இடத்தில் எதுவும் வைக்கவில்லை. மேலே சுவரில் மட்டும் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள்: உங்கள் ஆரோக்கியமே எங்கள் அக்கறை. ஐம்பது வருடம் இருந்த ஓர் உரிமையை எடுக்க, ஒரு தள்ளுவண்டியும் இரண்டு ஆட்களும் போதுமானதாக இருந்தது.

போன மாதம் ஒருத்தி நின்றபடியே மயங்கி விழுந்தாள். முழங்கை, விரிப்பைத் தேய்க்கும் நீராவி உருளையில் பட்டுத் தோல் உரிந்தது. அன்றைக்குத்தான் நெட்டை ஒரு மனு எழுதினாள். நெட்டை என்பவள் விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவள். பதினெட்டு வருடமாக ரேடியோவின் ஜோடி. கூடத்தில் பதினெட்டுப் பேர். பதினேழு கையெழுத்து விழுந்தாயிற்று.

"இன்னைக்காவது போடுறியா?" என்று நெட்டை தினமும் கேட்பாள். உதறு, இழு.

"எட்டு மாசம்டி. ஓய்வுக்கு இன்னும் எட்டே மாசம். பேரு கெடாம போயிடறேனே."

"உன் பேரு ரேடியோ. அது கெட்டா பழுது பாக்க ஆள் இருக்கு. உன் கால் கெட்டா?"

மடி, சேர். ரேடியோ தன் முனையைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போவாள். அக்காவுக்கு நடந்ததை ஏழு வயதில் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள். அந்தப் பயம் முட்டியில் இருந்தது. வலியும் அங்கேயேதான் இருந்தது.

இந்த நிலையில்தான் பாடகர் வருகிறார் என்று செய்தி வந்தது. எழுபத்து நான்கு வயதில், பதினோரு வருடத்துக்குப் பிறகு, அவர்கள் ஊர் மண்டபத்தில், ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு.

ரசிகர் மன்றத்தில் ஒரு காலத்தில் இருநூறு பேர். இப்போது பதினான்கு. மாதத்துக்கு ஒரு தடவை கண்ணாடிக்கடையின் பின்னறையில், பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்துக்கு இறங்கும் பார்வைப் பலகைக்குக் கீழே கூடுவார்கள். கண்ணாடிக்கடைக்காரர்தான் தலைவர். எந்த வருடம், எந்த மேடையில், எந்த வரிசையில் என்னென்ன பாடினார் என்று நோட்டில் குறித்து வைத்திருப்பவள் ரேடியோ. நோட்டு ஒன்பது ஆகிவிட்டது.

அந்த மாதக் கூட்டத்தில் முதல் சண்டை பதாகையைப் பற்றி. 'தெய்வக் குரலுக்கு எங்கள் வணக்கம்' என்று எழுத வேண்டும் என்றார் தலைவர்.

"தெய்வம்னா எதுக்குச் சாதகம் பண்ணணும்?" என்றாள் ரேடியோ. "டயர் கடை மாடியில தினம் ஆறு மணி நேரம் கத்திக் கத்தித் தொண்டையைப் பழக்கினவரு. அந்த உழைப்பை எதுக்கு வேற யாருக்கோ தூக்கிக் குடுக்கறீங்க?"

"இந்தம்மாவுக்கு எதுலயும் ஒரு கோணல்" என்றார் தலைவர். பதின்மூன்றுக்கு ஒன்று. தெய்வம் வென்றது.

அடுத்தது மண்டபத்தார் அனுப்பிய தாள். மேடையில் என்னென்ன தேவை என்று பாடகரின் மகள் எழுதிக் கொடுத்தது. வெந்நீர், துண்டு, முதுகு சாயும் நாற்காலி ஒன்று. நாற்காலி என்ற இடம் வந்ததும் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"நாற்காலியா? அம்பது வருஷத்துல ஒரு தடவையாவது உட்கார்ந்து பாடியிருக்காரா? ரேடியோம்மா, நோட்டைப் பார்த்துச் சொல்லுங்க."

"இல்ல" என்றாள் அவள். நோட்டில் அப்படித்தான் இருந்தது.

"மகளுக்கு என்ன தெரியும்? நிக்கறவங்களுக்காகப் பாடற பாட்டை உட்கார்ந்துட்டா பாடுவாரு? நாற்காலியைப் போட்டு அவரை அசிங்கப்படுத்தக் கூடாது. வேணாம்னு சொல்லிடுவோம்."

எல்லாரும் கை தூக்கினார்கள். ரேடியோவும் தூக்கினாள். வேறு யாரும் செய்ய முடியாத தவறு அது. விரோதிக்குத் தோன்றாது, அந்நியன் அக்கறைப்படமாட்டான். ஒருவரை அரை நூற்றாண்டு உயிருக்கு உயிராக நேசித்தவர்களுக்குத்தான் அவருடைய நாற்காலியைத் தாளிலிருந்து அடித்துவிடத் தோன்றும். ஒருவரைத் தெய்வம் என்று சொல்லிவிட்டால் அவருக்குக் கால் வலிக்கும் என்பது மறந்துபோகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை முறை வேலை. இரண்டு மணிக்கு வெளியே வந்தபோது செருப்பின் வார் பாதத்தில் பள்ளம் பதித்திருந்தது. வீட்டுக்குப் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வருவதற்குள் நான்கரை. மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். மன்றத்துக்கு மூன்றாவது வரிசை. உட்கார்ந்தபோது அவளுக்குப் பாடகர் வராவிட்டாலும் பரவாயில்லை என்றுகூட இருந்தது. அப்படியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும்.

அவர் வந்தார். கிதார் அவரைவிடப் பெரிதாகிவிட்டது போலத் தெரிந்தது. முதல் பாட்டு சுமார். இரண்டாவதில் மேல் சுரம் எட்டவில்லை. கூட்டம் தன் குரலைக் கொடுத்துச் சமாளித்தது. மூன்றாவதாக அந்தப் பாட்டின் தாளம் தொடங்கியது. மன்றத்தார் பதினான்கு பேரும் எழுந்து நின்றார்கள். அந்தப் பாட்டுக்கு அவர்கள் உட்காருவதில்லை; பழைய வழக்கம். ரேடியோவும் முட்டியை அழுத்திக்கொண்டு எழுந்தாள்.

*வெளுத்த துணிக்கு வெயில் உண்டு...*

அப்போதுதான் அவள் அவருடைய குரலை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தாள். எடை இடது காலுக்குப் போயிற்று. வலதுக்கு வந்தது. மறுபடி இடதுக்குப் போகாமல் நடுவிலேயே நின்றது. முட்டி பூட்டிக்கொண்டது. கை ஒலிவாங்கிக் கம்பியைத் தேடிப் பிடித்தது. உடம்பு முழுவதும் லேசாக முன்னும் பின்னும் அசைந்தது. கூடத்தில் அதற்கு 'கொடி ஆடுது' என்று பெயர். விழுவதற்கு முன் ஒரு பெண் கொடியில் போட்ட துணி மாதிரி அசைவாள். யாராவது ஒருத்தி "கொடி ஆடுது" என்று குரல் கொடுத்தால் மற்றவர்கள் ஓடிப்போய் அவளைப் பலகையில் உட்காரவைப்பார்கள். பலகை இருந்த காலத்தில்.

கூட்டம் கண் கலங்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் கைகூப்பி நின்றார். அந்த அசைவை அவர் உணர்ச்சி என்று, லயம் என்று நினைத்திருப்பார்.

ரேடியோ குனிந்து தன் நாற்காலியைத் தூக்கினாள்.

"ரேடியோ! என்ன பண்றீங்க? உட்காருங்க!" என்று பல்லைக் கடித்தார் தலைவர்.

"நாற்காலி கையில இருக்கு. எதுல உட்கார்றது?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வாயில்காவலர் ஒருவர் குறுக்கே வந்தார். அழுக்கு மூட்டையை வண்டியோடு தள்ளிப் பழகிய தோள் அவளுடையது, அவர் ஒதுங்கிக்கொண்டார். மேடைக்கு நான்கு படி. நான்கும் முட்டிக்குத் தனித்தனியாகத் தெரிந்தன. பாடகரின் பின்புறம் போய், நாற்காலியின் விளிம்பு அவர் முட்டிக்குப் பின்னால் தொடும்படி வைத்தாள்.

"உட்காருங்கண்ணே."

பாட்டு நின்றது. அவர் உட்கார்ந்தார் என்று சொல்ல முடியாது, இறங்கினார். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வாங்கினார். மேடைக்காரர் ஒருவர் ஓடிவந்து ஒலிவாங்கியை அவர் வாய் மட்டத்துக்குத் தாழ்த்திவிட்டுப் போனார்.

"காலைலேர்ந்து கேக்கறேம்மா" என்றார் அவர். "உங்க ரசிகருங்களே வேணாம்னுட்டாங்கன்னு சொன்னாங்க."

"நானும் கை தூக்கினேன்ணே."

அவர் சிரித்தார். இருமலாக முடிந்தது. "நீ எந்த ஊர்க்காரி?"

"இதே ஊருதான். சலவைக் கூடம்."

அவர் முகம் மாறியது. "அந்தப் பலகை இன்னும் இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். மேடை, வெளிச்சம், மூச்சு வாங்கும் ஒரு கிழவர். பொய் சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் அவளுக்குப் பொய்யை யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

"இல்லண்ணே. மூணு மாசம் முன்னாடி எடுத்துட்டாங்க. போன மாசம் ஒருத்தி விழுந்துட்டா."

தன் குரல் மண்டபத்தின் கடைசிச் சுவர் வரை போய்த் திரும்பி வருவதை அப்போதுதான் கேட்டாள். ஒலிவாங்கி தாழ்ந்திருந்தது. முப்பத்திரண்டு வருடம் வாய்க்குள்ளேயே பாடியவள் முதல் தடவையாக எல்லாருக்கும் கேட்கும்படி பேசியிருந்தாள். ஆஸ்பத்திரி ஆட்கள் எத்தனை பேர் வந்திருக்கிறார்களோ. எட்டு மாதம் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

பாடகர் கிதாரை மடியில் சாய்த்து வைத்தார். பிறகு ஒலிவாங்கியைப் பார்த்தே பேசினார்.

"நான் பாட்டுதான் எழுதினேன். பலகை நாலு பொண்ணுங்க வேலை போய் வந்தது. அப்ப நான் ஊர்லயே இல்ல. இத்தனை வருஷம் அந்தப் பேரையும் நானே வாங்கிக்கிட்டேன்."

"அதுல ஒருத்தி எங்க அக்கா."

"முகம் ஞாபகம் இல்லம்மா. பொய் சொல்ல மாட்டேன்."

மிச்சப் பாட்டை அவர் உட்கார்ந்தே பாடினார். குரல் பல இடத்தில் உடைந்தது. மேல் சுரத்தை விட்டுவிட்டார். மூன்றாவது வரிசையில் பதின்மூன்று பேர் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். பிறகு தலைவர் உட்கார்ந்தார்; மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பதாகை மடியில் கிடந்தது. ரேடியோ மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய நாற்காலியில்தான் அவர் இருந்தாரே.

வீட்டில் அக்கா வெந்நீர் வைத்திருந்தாள்.

"உட்கார்ந்தா பாடினான்?"

"அதுக்குள்ள யாரு சொன்னது?"

"எதிர்வீட்டுக்காரி போயிருந்தா. நல்லா இருந்துச்சா?"

"குரல் போச்சுக்கா. பாட்டு இருக்கு." தண்ணீரில் காலை வைத்தாள். "உங்களைப் பத்திச் சொன்னாரு. நாலு பேருன்னு."

அக்கா சூடான தண்ணீரை இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். தங்கை "ஸ்" என்றதும், "பொறுத்துக்கோ" என்றாள்.

திங்கட்கிழமை காலை நெட்டை ஒன்றும் கேட்கவில்லை. தாளை மட்டும் விரிப்பின் மேல் வைத்தாள். ரேடியோ பதினெட்டாவது இடத்தில் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணலாக விழுந்தது. தாளுக்கு அடியில் மெத்தென்று விரிப்பு.

வேலை தொடங்கியது. உதறு, இழு, மடி, சேர். இரண்டு மணி நேரம் ஆனதும் அவள் தன் முனையை நெட்டையிடம் கொடுத்துவிட்டு, ஜன்னலோரம் சுவரொட்டிக்குக் கீழே ஓர் அழுக்கு மூட்டையை இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

ஸ்டாப்வாட்ச் வேகமாக வந்தான். நேற்றைய செய்தி அவனுக்கும் போயிருந்தது என்பது நடையிலேயே தெரிந்தது.

"மேல ஆபீஸ்ல உங்களைக் கூப்பிடறாங்க. அது இருக்கட்டும், உங்களை யாரும்மா உட்காரச் சொன்னது?"

"கால்" என்றாள் ரேடியோ.

அவன் கடிகாரத்தை அமுக்கினான். அது ஓடத் தொடங்கியது. பத்து நிமிடம் தன்னுடையது என்பது அவளுக்குத் தெரியும். சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்தில் இன்னொரு மூட்டை இழுபடும் சத்தம் கேட்டது.