ஒட்டுக்காரம்மா

அந்த அம்மா புதுக் கையுறையை வாயால் ஊதி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார். ஓட்டை இல்லை. இருந்தும் மேசை விளிம்பில் அடித்துப் பட்டென்று வெடிக்க வைக்கிறார். இன்று கோபம் அதிகம் என்று அர்த்தம். ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் என் தொட்டி எதிர் அறையில் இருப்பதால் சத்தம் எதுவும் எனக்குத் தப்புவதில்லை.

எல்லோரும் அவரை ஒட்டுக்காரம்மா என்கிறார்கள். மனிதக் குரோமோசோமைத் துண்டு துண்டாக ஈஸ்ட் நுண்ணுயிருக்குள் வளர்த்து, எதற்குப் பக்கத்தில் எது என்று ஒட்டி வரைபடம் போடுவது அவர் வேலை. அது முடிந்தால்தான் மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படிப்பவர்கள் தொடங்க முடியும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒளிரும் சாயம் ஏற்றி, முழுக் குரோமோசோம்கள் மேல் விட்டுப் பார்ப்பார். ஓரிடத்தில் ஒளிர்ந்தால் நல்ல துண்டு. இரண்டு குரோமோசோமில் ஒளிர்ந்தால், வேறெங்கோ உள்ளது வளரும்போது வந்து ஒட்டிக்கொண்ட போலி. "ரெண்டு வீட்டுல சோறு திங்கிற சனியன்" என்று தூக்கிப் போடுவார்.

யாராவது "சீக்கிரம்" என்றால் எதிரிலேயே காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்.

வரைபடத்தில் ஒரு இடைவெளிதான் பாக்கி. அவர் தங்கை மகளின் தசையை உருக்கும் நோய்க்கான மரபணு அங்கேதான் எங்கோ இருக்கிறதாம். அந்தப் பெண்ணால் இப்போது சாப்பாட்டுத் தட்டைக்கூடத் தூக்க முடியவில்லை. எப்போது முடியும் என்று தங்கை தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் இவர் எரிந்து விழுவார். வைத்துவிட்டு மூக்கைச் சிந்துவார்.

நேற்று அந்த இடைவெளிக்குப் பொருந்துகிற துண்டு ஒன்று அகப்பட்டது. இரண்டு இடத்தில் ஒளிர்ந்தது.

துறைத் தலைவர் இவரிடம் வேலை பழகியவர். இன்று சிரித்துக்கொண்டே வந்தார். நாளை விருந்தாளிகள் வருகிறார்கள், அந்தத் துண்டையே வைத்து இணைத்துவிட்டால் வரைபடம் முழுசாகிவிடும், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றார்.

"உங்க தங்கச்சி பொண்ணுக்காகவாவது செய்யுங்கக்கா."

அதுதான் இவருக்குப் பொறுக்கவில்லை.

"அவள இழுக்காத. இத நம்பித் தேடினா, அவ நோய சம்பந்தமே இல்லாத இடத்துல தேடிக்கிட்டுக் கெடப்பாங்க. அதுவரைக்கும் அவ இருப்பாளாடா?"

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அறைக்கு விருந்தாளிகளுக்காகப் புதுத் திரைச்சீலை போட வேண்டும் என்று ஏதோ முனகிக்கொண்டு நகரப் பார்த்தார். துடைத்த குடுவைகளை வைக்க வந்த நானும் உள்ளே மாட்டிக்கொண்டேன்.

இவர் விளக்கை அணைத்தார். இருட்டில் முக்காலியைக் காலால், நேற்றைய துண்டு ஒளிரும் நுண்ணோக்கிப் பக்கம் தலைவருக்காகத் தள்ளினார். பிறகு கதவில் முதுகைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.