குளிரில் எழுந்த நீலக் கோடுகள்

அவள் உட்கார்ந்திருக்கும் பக்கமாக யாராவது நடந்து போனால் கால்களை உள்ளே இழுத்துக்கொள்வாள். நாலு பேர் சேர்ந்து நடக்க இடம் இருந்தாலும் இழுத்துக்கொள்வாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் பட்டறைக்கு வந்த நாளிலிருந்தே இப்படித்தான் என்று அங்கே இஸ்திரி போடும் அக்கா சொல்வாள். ஆள் ஒல்லி, காதில் எப்போதும் ஒரு பென்சில். பட்டறையிலும் வீட்டிலும் அவளுக்குப் பெயரே பென்சில்தான்.

பென்சிலுக்குப் பேச வராது, வரைய வரும். நாலு கட்டம் போட்டு அதற்குள் ஒரு சின்னக் கதையை முடித்துவிடுவாள். ஒரு கதையில் பட்டறை மாஸ்டர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு ஊரெல்லாம் அதைத் தேடுவார். இன்னொன்றில் கரண்ட் போனதும் தையல் மெஷின்கள் எல்லாம் ஒன்றாகக் கொட்டாவி விடும். கையில் கிடைப்பதெல்லாம் அவளுக்கு வரையும் சாமான். துணியில் புள்ளி போடும் பல்சக்கரத்தை மையில் தோய்த்து உருட்டி மழை பெய்ய வைத்தாள். தேய்ந்த டூத் பிரஷ்ஷை விரலால் தெறித்துப் புழுதி கிளப்பினாள். காது குடையும் பஞ்சுக் குச்சியால் இருட்டு பூசினாள்.

எல்லாவற்றிலும் அவளுக்குப் பெருமை மாயப் பேனாவில்தான். துணியில் அளவுக் கோடு போட வைத்திருக்கும் நீலப் பேனா அது. சூடு பட்டால் கோடு மறைந்துவிடும். முதலில் அதில் படத்தைக் கிறுக்கிக்கொள்வாள். அதன்மேல் கறுப்பு மையில் சரியான படத்தைப் போடுவாள். பிறகு இஸ்திரிப் பெட்டியால் ஒரு தேய்ப்பு. நீலம் போய்விடும், கறுப்பு நிற்கும்.

அப்பா அம்மா போனபின் அவள் இருந்தது அண்ணன் வீட்டில். அறையில் அண்ணனும் அண்ணியும், ஹாலில் அவள். அந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணியின் குரல் கேட்டது.

"உன் தங்கச்சி எப்பதான் போவா? நம்ம வீட்டுல நாம மட்டும் ஒரு நாளாவது இருக்க வேணாமா?"

அண்ணன் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

பென்சில் அதை அப்படியே நீலத்தில் வரைந்தாள். முதல் கட்டத்தில் அண்ணி, அந்த நீள மூக்கோடு, அதே வார்த்தைகளோடு. இரண்டாவதில் போர்வையைத் தலைக்கு மேல் இழுக்கும் அண்ணன். மூன்றாவதில் சுவரோரம் படுத்திருக்கும் ஒரு பென்சில். நாலாவதில் அது தன்னைத்தானே சீவிக்கொண்டு கட்டை விரல் அளவாகி நிற்கிறது: "இவ்ளோ சின்னதா ஆனா இருந்துக்கலாமா?"

வரைந்து முடித்ததும் பயம் வந்துவிட்டது. கறுப்பு மையில் அண்ணிமேல் ஒரு பூனையை வரைந்தாள், அண்ணன்மேல் இன்னொரு பூனையை. பால் ஆறவில்லை என்று புலம்பி, ஊதி ஊதியே கிண்ணத்தைக் கவிழ்க்கும் பூனையின் கதையாக மாற்றி, இஸ்திரிப் பெட்டியை ஓட்டினாள். நீலம் ஒரு கோடு விடாமல் போயிற்று.

அடுத்த நாள் காலை அண்ணி அந்தத் தாளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு ஐஸ்கிரீம் கம்பெனியில் வேலை, உறைய வைக்கும் அறையில் பெட்டி அடுக்குவது.

"இது எனக்கு வேணும் பென்சிலு. உள்ள ஒட்டி வைக்கிறேன். பல்லு கிடுகிடுன்னு ஆடிக்கிட்டு நிக்கிறோம், கொஞ்சம் சிரிக்கவாவது ஆடட்டும்."

மறுப்பதற்குள் தாள் பைக்குள் போய்விட்டது.

அன்று மத்தியானம் பட்டறைக்கு ஒரு மூட்டை திரும்பி வந்தது. மீன் உறைய வைக்கும் கிடங்குக்குத் தைத்துக் கொடுத்த வெள்ளைக் கோட்டுகள். மாஸ்டர் ஒன்றை விரித்தார். பை தைத்த இடம், பித்தான் இடம், எங்கே பார்த்தாலும் நீலக் கோடு.

"தேச்சுதானே அனுப்பினோம்?" என்று இஸ்திரி அக்காவைப் பார்த்தார்.

"நல்லாத்தான் தேச்சேன். என்னையே பாக்காதீங்க மாஸ்டர்," என்றாள் இஸ்திரி அக்கா.

"உன்னைச் சொல்லல. குளிர் பட்டா இந்தக் கருமம் திரும்பி வந்துடுமாம். கிடங்குக்காரன் போன்ல கத்துறான்."

பென்சிலுக்கு அண்ணி குளிர் அறையில் ஒட்டப்போன தாள் நினைவுக்கு வந்தது. அண்ணிக்குப் போன் போட்டாள். குளிர் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அடித்து அடித்து ஓய்ந்தது. அண்ணனுக்குப் போட்டு, அவன் "என்னம்மா?" என்றதும் என்ன சொல்வதென்று தெரியாமல் "ஒண்ணுமில்லண்ணா" என்று வைத்துவிட்டாள். மூன்று சட்டைக்குக் கைப் பக்கம் மாற்றிக் கோடு போட்டாள்.

"உடம்பு சரியில்லையாடி? மூஞ்சி வெளுத்துக் கிடக்கு," என்றாள் இஸ்திரி அக்கா. அதற்கும் தலையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்து பாத்திரம் துலக்கினாள். துலக்கியதையே மறுபடி துலக்கினாள். வழக்கமான நேரம் தாண்டியும் அண்ணி வரவில்லை. தன் துணிகள் எத்தனை பையில் அடங்கும் என்று மனம் கணக்குப் போட்டது.

அண்ணி வந்தாள். செருப்பைக் கழற்றினாள், முகம் கழுவினாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இங்க வா."

பென்சில் போய் நின்றாள்.

"மத்தியானம் பாத்தா பூனைக்குள்ளேர்ந்து என் மூக்கு வருது. எல்லாரும் ஒரே சிரிப்பு. இது நீதானேன்னாங்க. ஆமா, இந்த மூக்கு வேற யாருக்கு இருக்குன்னேன்."

பென்சில் தரையைப் பார்த்தாள்.

"அப்புறம் நாலாவது கட்டத்தைப் படிச்சாங்க. யாரும் சிரிக்கல." அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து நான் பேசினது கேட்டுடுச்சா உனக்கு?"

"செவுரு மெலிசு அண்ணி."

"கேட்டா வந்து மூஞ்சிக்கு நேரா கேக்க வேண்டியதுதானே. என் கம்பெனி செவுத்துலயா ஒட்டுவ?"

"நீங்கதானே அண்ணி எடுத்துட்டுப் போனீங்க."

அண்ணிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. "நான் சொன்னது பொய்யில்ல. தனியா இருக்கணும்னு ஆசைதான். கல்யாணமாகி ஆறு வருஷமாச்சு. ஆனா நீ தேஞ்சு போகணும்னு நான் நெனக்கலடி. எனக்கு ரெண்டும் இருக்கு, என்ன செய்யச் சொல்ற?"

அண்ணன் வந்து கதவைத் தட்டினான். அண்ணி எழுந்து போய்த் திறந்தாள்.

பென்சில் இன்னும் அந்த ஹாலில்தான் படுக்கிறாள். பட்டறைக்குப் பக்கத்தில் பெண்கள் விடுதியில் இடம் கேட்டிருக்கிறாள். விசாரிக்கப் போனபோது அண்ணியும் கூடப் போனாள். பதில் இன்னும் வரவில்லை. அறையில் பேச்சுச் சத்தம் கேட்டால் அவளுக்கு இப்போதும் தூக்கம் வருவதில்லை.