கேப்டன் கண் விழித்த காட்சி

மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் பூ வாங்கத்தான் போனேன். நடைபாதையில் பொம்மைகளைப் பரப்பியிருந்த ஆள் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைக் கிழித்தார். உள்ளே பச்சை நிறச் சிப்பாய்கள். பை கிழிந்ததும் குப்பென்று ஒரு வாசனை வந்தது. புது பிளாஸ்டிக்கும் பெயிண்டும் சேர்ந்து அடிக்குமே, அது. பூவை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மற்றவர்களுக்கு அது பொம்மை வாசனை. எனக்கு வேலை வாசனை. செம்பூரில், ஒரு மருந்துக் கடைக்குப் பின்னால் டப்பிங் ஸ்டுடியோ ஒன்று இருந்தது. இங்கிலீஷ் கார்ட்டூன்களைத் தமிழாக்கி டிவிக்குக் கொடுப்பார்கள். மெட்ராஸில் செய்தால் செலவு அதிகம் என்று இங்கே செய்தார்கள். காலேஜ் முடித்த கையோடு வசனம் எழுத அங்கே சேர்ந்தேன். தகுதி என்னவென்று கேட்காதீர்கள். சுனாபட்டியில் ‘சால்’ என்கிற எங்கள் வரிசைக் குடியிருப்பில் பிழையில்லாமல் தமிழ் எழுதத் தெரிந்த பையன் நான் ஒருவன்தான், அவ்வளவுதான் தகுதி.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. வெளிநாட்டு பொம்மைக் கம்பெனி ஒன்று தான் விற்கும் பட்டாள பொம்மைகளை வைத்து எடுத்த முழுநீளக் கார்ட்டூன் படம். குரல் கொடுப்பவர்களுக்கு உணர்ச்சி வரட்டும் என்று ஒரு பெட்டி நிறைய பொம்மைகளையும் அனுப்பியிருந்தார்கள். ஜன்னலே இல்லாத ஏசி அறை. மாதக்கணக்கில் அந்த வாசனை எங்கள் சட்டையை விட்டுப் போகவில்லை. படத்தின் கதை, கடலுக்கு அடியில் கோட்டை கட்டிக்கொண்டு உலகத்தை மிரட்டும் கும்பலோடு ஒரு கேப்டனும் அவர் ஆட்களும் போடும் சண்டை. நடு நடுவே சண்டையை நிறுத்திவிட்டு ஒரு புது வண்டி மட்டும் சுற்றிச் சுற்றி நிற்கும். அது கடைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் வசனத்தை நான் எவ்வளவு பெருமையாக எழுதினேன் தெரியுமா? ‘படை வீரர்களே, அஞ்சாமல் முன்னேறுங்கள்!’ திரையில் கேப்டன் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். மைக் முன்னால் நின்றவர் கையிலிருந்த தாளைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, அவன் வாய மூடிட்டான். நம்ம இன்னும் பேசிக்கிட்டு இருக்கோம். சண்டைல நின்னுக்கிட்டு எவன் இவ்வளவு பேசுதான்?”

அவர்தான் காதர் பாய். கடையநல்லூர்க்காரர். தாராவியில் ஸ்கூல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். தமிழ்ச் சங்கத்து நாடகங்களில் அவர் பேசினால் மைக் கெட்டுப்போனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்பார்கள். மதியம் வரை பட்டறை, அதற்கு மேல் எங்கள் ஸ்டுடியோ. முழங்கை வரை ரெக்ஸின் தூசியோடு வந்து, கழுவிக்கொண்டு, கேப்டனாகிவிடுவார். அன்று நான் அந்த வரியை ‘வாங்கடா’ என்று மாற்றினேன். அவர் அந்த ஒற்றைச் சொல்லைச் சொன்னபோது, ரெக்கார்டிங் பார்த்துக்கொண்டிருந்த மராட்டிப் பையன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். அவனுக்குத் தமிழே தெரியாது.

ஸ்டுடியோவை நடத்திய சரோஜா மேடம் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். யாரையும் சுலபத்தில் பாராட்ட மாட்டார். பாதிப் படம் முடிந்திருந்தபோது ஒருநாள் ரெக்கார்டிங் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மைக்கில் சொன்னார்:

“காதர் பாய், கேப்டனுக்கு இந்தக் கரகரப்பு ரொம்ப நன்னாருக்கு. இதையே வெச்சுக்கோங்கோ.”

“வெச்சிக்கிடலாம் மேடம். கொஞ்ச நாளாவே இப்படித்தான் இருக்கு. பட்டறைல சொலூஷன் வாடை, அதாயிருக்கும்” என்றார்.

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். பை ஒட்டும் சொலூஷன் ஒரு கேப்டனைச் செய்துவிட்டது என்று நான் ஜோக் கூட அடித்தேன். அவர் டீ குடிக்கும்போது ஒவ்வொரு மடக்குக்கும் கண்ணை மூடிக்கொண்டதை எல்லோரும்தான் பார்த்தோம். பார்த்து என்ன?

படத்தில் கேப்டன் கடைசிச் சண்டைக்கு முன்னால் குத்துப்பட்டு விழுந்து செத்துப்போவார். அந்தக் காட்சியோடு காதர் பாய்க்கு வேலை முடிந்தது. அடுத்த வாரம் பரேலில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர்கள் தொண்டையில் புற்று, உடனே ஆபரேஷன் என்றார்கள். குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டு, மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை வைத்தார்கள். நான் பார்க்கப் போனபோது அவர் மனைவி ஜமீலா அக்கா வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஏழு மாதக் கர்ப்பம்.

“உசிருக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க தம்பி. அதுக்கு மேல அல்லாட்ட என்ன கேக்க?” என்றார். பிறகு, “வயித்துல இருக்க புள்ளைக்குப் பாங்கு சொல்லணும்னு ஆசையா இருந்தாங்க” என்றார். பிறந்த குழந்தையின் காதில் அத்தா ஓதுகிற பாங்கைத்தான் சொன்னார். கொண்டுபோன சாத்துக்குடிப் பையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றேன்.

இந்தச் சமயத்தில்தான் பொம்மைக் கம்பெனியிலிருந்து சேதி வந்தது. எங்களுக்கு அனுப்பியது பழைய பிரதியாம். கேப்டன் சாகக் கூடாது, அவர் பொம்மை இன்னும் கடைகளில் நிற்கிறது. திருத்திய பிரதியில் கடைசியில் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்து ஒரு வரி பேசுகிறார். கட்டில், தலைமாட்டில் விளக்கு, சுற்றி நண்பர்கள் எல்லாம் உண்டு. சரோஜா மேடம் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

அந்த வரிக்கு ஆள் தேடினோம். யார் பேசினாலும் வேறு மனிதராகத் தெரிந்தது. அவர் பேசிக் கேட்டுக் கேட்டு எனக்கு அவருடைய இழுவை பழகியிருந்ததால் கடைசியில் மேடம் என்னையே பேசச் சொன்னார். சேதி எப்படிப் போனதோ, அன்றைக்குக் காதர் பாய் கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு வந்து நின்றார். வந்தவரைப் போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நான் ‘பயப்படாதீங்க, வந்துட்டேன்’ என்று அவரைப் போலப் பேசினேன். அவர் தலையை ஆட்டி இல்லை என்றார். கையைத் தாழ்த்தி, மெதுவா என்று காட்டினார். மறுபடி பேசினேன். மறுபடி இல்லை என்றார். எத்தனை தடவையோ தெரியாது. ஒரு கட்டத்தில் தலையை ஆட்டாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடம் ஓகே என்றார்.

படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஒரே ஒரு தடவை வந்தது. அவ்வளவுதான். பிறகு டப்பிங் வேலை முழுக்க மெட்ராஸுக்குப் போனது, ஸ்டுடியோவை மூடினார்கள், நான் ஒரு கூரியர் கம்பெனியில் சேர்ந்தேன். காதர் பாய் அதற்குப் பிறகு பல வருஷம் பட்டறையை நடத்தினார். கைதட்டி ஆட்களைக் கூப்பிடுவார். அவர் போய்ச் சேர்ந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது.

போன மழைக்காலத்தில் அவர் மகள் நஸீமா என்னைத் தேடி வந்தாள். அன்று வயிற்றில் இருந்த பிள்ளை. கல்யாணமாகி அம்பர்நாத்தில் இருக்கிறாள். உட்கார்ந்ததும் போனை எடுத்து ஒரு க்ளிப்பைப் போட்டாள். பழைய விளம்பரங்களை வீடியோ கேசட்டிலிருந்து எடுத்து நெட்டில் போடுகிற யாரோ ஒருவர் போட்டது. ஒரு சோப்பு விளம்பரம். அதற்கு முன்னால் தற்செயலாக மாட்டிக்கொண்ட படத்தின் கடைசித் துண்டு. கேப்டன் கண் விழிக்கிறார்.

“பயப்படாதீங்க, வந்துட்டேன்.”

“அத்தா பேசி நான் கேட்டதே இல்ல அங்கிள். இது ஒண்ணுதான் கிடைச்சிச்சு. தினமும் கேக்கேன்” என்றாள். “இன்னும் கொஞ்சம் லம்பா, ரெண்டு மூணு வரி இருந்தா நல்லாருக்கும். உங்ககிட்ட டேப் ஏதாச்சும்?”

“அம்மாட்ட காட்டினியாம்மா?” என்று கேட்டேன்.

“காட்டினேன். ஒண்ணும் சொல்லல. அழுதாங்க, அவ்ளோதான்.”

ஜமீலா அக்காவுக்கு அது காதர் பாய் குரல் இல்லை என்று தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் சொல்லாமல் இருந்திருக்கிறார். அவர் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது?

தேடிப் பார்க்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். நிஜமாகவே தேடினேன். சரோஜா மேடம் இல்லை. செம்பூரில் ஸ்டுடியோ இருந்த இடத்தில் உயரமான கட்டடம் நிற்கிறது. அந்த மராட்டிப் பையன் இப்போது தாணேயில் இருக்கிறான், தலையெல்லாம் நரைத்துவிட்டது. டேப் விலை அதிகம், ஒன்றை அழித்துத்தான் இன்னொன்றைப் பதிவோம் என்றான்.

அவள் மறுபடி வந்தபோது டேப் இல்லை என்று மட்டும் சொன்னேன். நஸீமா தலையசைத்தாள். போனை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள்.

“எனக்குத் தெரிஞ்ச அத்தா சத்தம் மூச்சு சத்தம்தான் அங்கிள். கழுத்து வழியா வருமே, உஸ்ஸுன்னு. ராத்திரி படுத்தா, அது கேட்டாதான் எனக்கு நீந்த் வரும். இந்த க்ளிப்ல அது இல்ல. அப்ப அத்தா நல்லா இருந்திருக்காங்க, இல்லையா?”

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்தக் கடைசி வரியைப் பதிந்த அன்று, முதலில் காதர் பாய் கண்ணாடிக்கு உள்ளே, என் பக்கத்திலேயே நின்றார். அவர் மூச்சு ஒவ்வொரு டேக்கிலும் மைக்கில் விழுந்தது. மேடம் வந்து அவர் தோளைத் தொட்டு மெதுவாக வெளியே கூட்டிக்கொண்டு போனார். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு விழுந்த டேக்குகளை எல்லாம் அங்கேயே அழித்துவிட்டு, சுத்தமாக வந்த ஒன்றை வைத்துக்கொண்டோம்.

“ஆமாம்மா” என்றேன். “நல்லாத்தான் இருந்தார்.”